கயிறு பிடிக்க ஆள் இருக்கா, பேத்தி?

ஏட்டி, என்ன தலைப்பு இது? ‘இணையவழிக் கூட்டுப்பங்களிப்புச் சமூகங்களின் வளர்ச்சிக் காரணிகள் – ஓர் ஆய்வு.’ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிட்டு. அந்தக் காலத்துல இவ்வளவு நேரம் தம் பிடிச்சவன் கை நிறையச் சிப்பியை அள்ளிக்கிட்டு மேல வந்திருப்பான். சரி, உன் கைடுக்குப் பிடிச்ச தலைப்பு, நமக்கென்ன. காரியம் இதுதானே? முகம் பாக்காதவிய நாலு தேசத்துல இருந்து கூடி, காசு வாங்காம ஒரு வேலையைச் செய்யுதாவ. ஒரு இடத்துல கூட்டம் பெருகுது, இன்னொரு இடத்துல காத்தாடுது. அது ஏன்னு கண்டுபிடிக்க நாப்பது கேள்வி அடிச்சு, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எதையாவது வட்டம் போடச் சொல்லி ஊரெல்லாம் அனுப்பி வச்சிருக்கே.

நான் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டா? தமிழ் விக்கிப்பீடியாவைப் பத்தி மூணாவது அத்தியாயம் எழுதுதேன்னு சொல்லுதியே, அதுக்குள்ள போய் நீ இதுவரைக்கும் எத்தனை வரி எழுதியிருக்கே? தலையைச் சொறியாத, பேன் இருந்தா உங்க ஆச்சிகிட்டக் காட்டு. ஒரு வரி எழுதாதவளும் ஆராயலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.

போன லீவுக்கு நீ விட்டுட்டுப் போன காகிதக் கட்டை உங்க ஆச்சி பணியாரம் மடிக்க எடுத்துட்டா. நான்தான் பிடுங்கி வச்சேன். தோணியில தண்டலா இருந்த காலத்துல கொழும்புத் துறையில சுங்கக்காரன் நீட்டுன காகிதத்தை எல்லாம் வாசிச்சு வாசிச்சு இங்கிலீசு கொஞ்சம் ஏறிக் கிடக்கு. மத்தியானம் தூக்கம் வராத கிழவனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி மருந்து கிடையாது. ஆனா அந்தக் கட்டுல ரெண்டு மூணு என்னைத் தூங்க விடலை. அதைச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

அதுக்கு முன்னால நம்ம ஊர்க் கதை. முன்பின் தெரியாதவன் எல்லாம் கூடிக் காரியம் செய்யறது கம்ப்யூட்டர் வந்தப்புறம் பிறந்த அதிசயம்னு உன் கைடு நினைச்சுக்கிட்டு இருந்தா, அவரைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வந்து வ.உ.சி. பேர்ப்பலகையைக் காட்டு. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குனாவ. பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஊர் ஊராப் போய்ப் பங்கு சேர்த்தது வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதைப் பங்கு ஒண்ணுக்கு 25 ரூபாய்னு 40,000 பங்காப் போட்டாவ. அன்னைக்கு 25 ரூபாய்னா கூலிக்காரன் நினைச்சுப் பாக்க முடியாத காசுதான், அதை நான் மறைக்கலை. ஆனாலும் ஒரே ஒரு கோடீசுவரன் வாசல்ல போய்க் கைகட்டி நிக்காம, ஆயிரம் பேர் தோள் குடுக்கிற அளவுக்குச் சுமையை வெட்டி வச்சது பாரு, அதுல இருக்கு சூட்சுமம். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து சேர்ந்துது.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைச்சான். அதுக்கும் கூட்டம் சுதேசிக் கப்பல் பக்கமே போகவும், காசே வேண்டாம், கப்பல்ல ஏறுனா ஒரு குடையும் தாரேன்னான். இப்படித்தான் நம்ம ஊர்ல சொல்லுவாவ. இந்தக் குடையை நல்லா ஞாபகத்துல வச்சுக்கோ பிள்ளே, பின்னால வேணும்.

1908 மார்ச்சுல வ.உ.சி.யைப் பிடிச்சு உள்ள போட்டாவ. 1911ல கம்பெனி கலைஞ்சு போச்சு. சர்க்கார் கழுத்தை நெரிச்சதுதான் பெரிய காரணம், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஓடி ஓடிச் சேர்த்த ஒரு ஆளை எடுத்துட்டா அப்புறம் ஓடறதுக்கு ஆள் இல்லாமப் போச்சுல்லா? ‘தொடங்கினவரைத் தூக்கி ஜெயில்ல போட்டா உங்க கூட்டம் எத்தனை நாள் ஓடும்?’ இதை நாப்பத்தி ஒண்ணாவது கேள்வியாச் சேரு. கைடு சிரிப்பாரு. சிரிக்கட்டும், சேரு.

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம். 2000ல ‘நுபீடியா’ன்னு ஒண்ணு தொடங்குனாவ. ஜிம்மி வேல்சு கம்பெனியோட காசு, லாரி சாங்கர் ஆசிரியர். இணையத்துல ஒரு கலைக்களஞ்சியம், எழுதறவிய எல்லாம் துறை போன மேதைகள். கட்டுரை ஒண்ணு வெளிய வரணும்னா ஏழு வாசல் தாண்டி வரணும். முதல் வருசத்துல ரெண்டு டஜன்கூடத் தேறலை. சரி, கச்சா வேலைக்கு ஆகட்டும்னு 2001 சனவரியில பக்கத்துலயே ஒரு திண்ணையைப் போட்டு, வாரவன் போறவன் எல்லாம் எழுதலாம்னு திறந்து விட்டாவ. அதுதான் விக்கிப்பீடியா. திண்ணை வீட்டை விழுங்கிட்டு. நுபீடியாவை 2003 செப்டம்பர்ல பூட்டுனாவ. அந்த மாசக் கடைசியிலதான் தமிழ் விக்கிப்பீடியாவுல முதல் பக்கம் விழுந்துது. மேதைகள் வெளிய போன வாசல் வழியா நம்ம ஆளு உள்ள வந்திருக்கான்.

பெஞ்சமின் மாக்கோ ஹில்லுன்னு ஒருத்தர் இதே மாதிரி எட்டு இணையக் கலைக்களஞ்சிய முயற்சிகளை வரிசையா வச்சுப் பாத்திருக்காரு. ஏழு ஏன் அமுங்குச்சு, ஒண்ணு ஏன் எழும்புச்சு? அவர் சொல்லுற காரணத்தைக் கேட்டா உன் கம்ப்யூட்டர் சிநேகிதங்களுக்கு எரிச்சல் வரும். மத்தவன்ல பல பேரு புதுப்புது மிசினு கண்டுபிடிச்சுக்கிட்டுக் கிடந்தான். இவிய எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சாமானைச் செஞ்சாவ. கலைக்களஞ்சியம்னா என்னன்னு நமக்கு யாராவது விளக்கணுமா? சிங்காரவேலு முதலியார் அபிதான சிந்தாமணி 1910லயே அச்சேறியாச்சு. பெரியசாமித் தூரன் ஆசிரியரா இருந்து கொண்டாந்த கலைக்களஞ்சியம் 1954ல தொடங்கி 1968 வரைக்கும் பத்துத் தொகுதி வந்துது. ‘அந்த மாதிரி ஒண்ணு எழுதப் போறோம், வாரியா?’ன்னா தமிழன் என்ன ஏதுன்னு கேக்க மாட்டான், எந்தப் பக்கத்துல எழுதணும்னுதான் கேப்பான். அடுத்தது, உள்ள வாரதுக்குப் பட்டம், பதிவு, சிபாரிசு எதுவும் கேக்கலை.

ஹில்லு சொன்னதுல எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. எழுதுனவன் பேரு கட்டுரைத் தலையில நிக்காது. பேரு நின்னா அது அவன் சொத்தாயிரும், அடுத்தவன் பிழையைத் திருத்தக்கூடக் கூசுவான். டியூப்லைட்டுல உபயம் எழுதுற சனம் நாம. அந்தச் சனம்தான் தலைப்புல பேரில்லாம லட்சம் கட்டுரைக்கு மேல எழுதிக் குவிச்சிருக்கு. இதுக்கு உன் வட்டத்துல எந்த நம்பர்?

அந்த லட்சத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவரைப் பாரு. இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலை படிச்சவர், பிழைக்கப் போனது அமீரகத்துக்கு. 2003 நவம்பர்ல உள்ள வந்தாரு. அப்ப பக்கத்தோட பொத்தான் எல்லாம் இங்கிலீசு. உக்காந்து அதைத் தமிழாக்குனாரு. முதல் ஒரு வருசம் ஏறக்குறைய தனியாளாக் கட்டுரை எழுதிக்கிட்டு இருந்திருக்காரு. கூட்டமும் இல்லை, கைதட்டும் இல்லை. அப்புறம் ஒண்ணு ரெண்டா ஆள் வந்துது. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செல்வகுமார், இன்னும் இந்தியாவுல, இலங்கையில, ஆஸ்திரேலியாவுல இருந்தெல்லாம் ஆளுக வந்தாவ. 2013ல சென்னையில பத்தாண்டுக் கொண்டாட்டம் நடத்துனாவ. 2015க்கான இயல் விருது மயூரநாதனுக்குக் கிடைச்சுது. 2017 மேயில லட்சம் கட்டுரை, இப்ப ஒண்ணரை லட்சத்தையும் தாண்டிட்டு. அவர் நாளைக்கே எழுதறதை நிறுத்துனாலும் வேலை நிக்காது. நாப்பத்தி ஒண்ணாவது கேள்விக்கு இவியகிட்டப் பதில் இருக்கு.

ஆனா அந்த முதல் வருசத்துக்கும் ரெண்டாவது வருசத்துக்கும் நடுவுல என்ன நடந்துதுன்னு பாரு, உன் ஆராய்ச்சி முழுசும் அங்கதான் கிடக்கு. அதைச் சொல்ல முத்துக்குளிப்புக் கதைக்குப் போகணும். 1961ல தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு நடந்தப்ப நான் அரைக்கால் சட்டைப் பயல். கல்லோட சேர்ந்து கடலடிக்கு இறங்குறவனைப் பத்திக் கரையில எல்லாரும் பேசுவாவ. வள்ளத்துல அவன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான் ஒருத்தன், அவனை ஒரு நாயும் பேசாது. கீழ இருந்து கயித்துல ஒரு வெட்டு விழுந்தா மேல இருக்கவன் மறு நொடி இழுக்கணும். வெத்திலைக்குச் சுண்ணாம்பு தேடிக்கிட்டு இருந்தான்னா கீழ உள்ளவன் கதை முடிஞ்சுது. அதனாலதான் கயிறு பிடிக்க மச்சினனைப் போடுவாவன்னு சொல்லுறது. கூடப்பிறந்தவ தாலி மேல அவனுக்கு அக்கறை இருக்கும்லா?

விக்கிப்பீடியாவுக்குப் புதுசா ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்குப் பயந்து பயந்து நாலு வரி எழுதிப் போடுதான். அது கட்டுரை இல்லை பிள்ளே, கயித்துல ஒரு வெட்டு. மேல ஆள் இருக்கான்னு கேக்கான். தமிழ் விக்கிப்பீடியாவுல புதுப் பயனருக்குப் பேச்சுப் பக்கத்துல ‘வாருங்கள்’னு ஒரு செய்தி போடுதாவ. எழுதிப் பழக மணல்தொட்டி, கேள்வி கேக்க ஒத்தாசைப் பக்கம், ஊர்ப் பேச்சுக்கு ஆலமரத்தடின்னு வச்சிருக்காவ. நாலு வரியில ரெண்டு பிழையை ஒருத்தர் சத்தமில்லாமத் திருத்திட்டுப் போவாரு. எழுதுனவன் காலையில எந்திரிச்சுப் பாக்கான், அட, எவனோ நம்ம எழுத்தை வாசிச்சிருக்கான். அன்னைக்கே அஞ்சாவது வரியை எழுதிருவான்.

இந்த இழுப்பு தளர்ந்தா என்ன ஆகும்னு இங்கிலீசு விக்கிப்பீடியாவைக் கேளு. 2007ல மும்முரமா எழுதுறவிய 50,000த்துக்கு மேல இருந்தாவ. 2013ல 30,000த்துச் சொச்சம். ஆரன் ஹால்ஃபேக்கரும் கூட மூணு பேரும் 2013ல எழுதுன கட்டுரை உன் கட்டுல அடியில கிடந்துது, அதைத்தான் ஆச்சி முதல்ல உருவுனா. கூட்டம் பெருகவும் குப்பையும் பெருகுச்சு. குப்பையைத் தள்ள மிசின் வச்சாவ, சட்டம் வச்சாவ. மிசினுக்குக் குப்பையும் தெரியலை, நல்ல எண்ணத்தோட தப்பா எழுதுன புதுப் பயலும் தெரியலை. ரெண்டையும் ஒரே வாரியலால கூட்டிட்டு. சட்டம் கெட்டியாகக் கெட்டியாகப் புதுசா வந்தவனுக்கு அதுல ஒரு வார்த்தை மாத்தக்கூட வழியில்லாமப் போச்சு. வந்தவன் நிக்கலை, இருந்தவனுக்கு வயசாகுது. சட்டம் போட்டவிய கெட்டவிய இல்லை, அதைக் கவனிச்சுக்கோ. வீட்டைச் சுத்தமா வைக்கணும்னு நினைச்சவியதான்.

நீயும் நாளைக்கு எங்கயாவது நிருவாகி ஆவே. கூட்டத்தைக் கலைக்கிற வித்தையை இப்பமே சொல்லித் தாரேன், கேட்டுக்கோ. எவனாவது நம்ம ஊர் மக்ரூனைப் பத்தி மூணு வரி எழுதுனா, அவன் நாலாவது வரிக்கு மூச்சு விடுறதுக்குள்ள ‘நீக்கப் பரிந்துரை’ன்னு பலகையைத் தொங்க விடு. ஏன்னு கேட்டான்னா பதில் சொல்லாத, அஞ்சு விதிப் பக்கத்துக்கு இணைப்பைக் குடு. அவன் ‘ஜ’ போட்டு எழுதியிருந்தா கிரந்தம் கூடாதுன்னு சண்டைக்குப் போ. போடாம எழுதியிருந்தா வாசிக்கவே முடியலைன்னு சண்டைக்குப் போ. யாழ்ப்பாண வழக்குல எழுதியிருந்தா சென்னைக்கு மாத்து, சென்னைக்காரன்னா யாழ்ப்பாணத்துக்கு மாத்து. நடுவுல மறந்துபோய்க்கூட ‘நல்லா எழுதியிருக்கீங்க’ன்னு சொல்லிராத, அப்புறம் அவன் திரும்பி வந்துருவான். ஆறு மாசத்துல நீ மட்டும் இருப்பே. பக்கம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், ஒரு எழுத்துப்பிழை இருக்காது.

சரி, குடைக்கு வா. 2009 வாக்குல கூகுள்காரன் ஒரு காரியம் செஞ்சான். காசு குடுத்து மொழிபெயர்ப்பாளர்களைப் பிடிச்சு, இங்கிலீசுக் கட்டுரைகளைத் தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடம், வங்காளம்னு பெயர்க்கச் சொல்லி விக்கிப்பீடியாவுல இறக்குனான். நீளம் நீளமான கட்டுரை, தமிழ் மாதிரி ஒரு தமிழ். நமக்கு வேணுங்கிறது எதுன்னு கேக்கலை. எழுதுனவிய பக்கத்தை இறக்கிட்டு அடுத்த லோடுக்குப் போயிட்டாவ. பேச்சுப் பக்கத்துல பிழையைச் சுட்டுனா பதில் சொல்ல ஆள் இல்லை. வங்காளிக வேண்டாம்னுட்டாவ. நம்மாளுக அவசரப்படாம உக்காந்து பேசி, நல்லது கெட்டதை எழுதி, 2010ல போலந்துல நடந்த விக்கிமேனியா மாநாட்டுல போய்ச் சொன்னாவ. கட்டுரை கூடுச்சு, கூட்டம் கூடலை. கூலிக்கு இறங்குறவனுக்கு அடுத்தவன் கயித்தைப் பிடிக்க நேரமில்லை.

குடையே ஆகாதுன்னு சொல்லுற ஆளில்லை நான். 2018ல வேங்கைத் திட்டம்னு இந்திய மொழிகளுக்குள்ள பரிசு வச்சு ஒரு கட்டுரைப் போட்டி. முதல் சுற்றுல பஞ்சாபிக்காரன் முந்திட்டான், தமிழ் ரெண்டாவது. அடுத்த சுற்றுல தமிழ் முதலிடம். எழுதுனவிய ஏற்கெனவே கூடி உக்காந்திருந்த சனம், மழைக்குக் குடை உதவுச்சு. குடைக்காக வந்தவன் மழை விட்டதும் போயிருவான். போட்டி நடத்துனதுல எத்தனை கட்டுரை வந்துதுன்னு எண்ணாத. போட்டி முடிஞ்ச அடுத்த தையில எத்தனை பேரு எழுதிக்கிட்டு இருக்கான்னு எண்ணு. உன் கைடு இதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு வச்சிருப்பாரு.

காசில்லாத பரிசு எப்படின்னும் பாத்திருக்காவ. 2012ல ரெண்டு பேரு, இங்கிலீசு விக்கிப்பீடியாவுல நல்லா உழைக்கிறவியள்ல சில பேருக்குக் குலுக்கல் முறையில பதக்கப் படம் ஒண்ணை ஒட்டி விட்டாவ. காலணா பெறாத படம். வாங்குனவிய உழைப்பு வாங்காதவியளைவிட 60 சதவீதம் கூடிட்டு. அது பழம் தின்னு கொட்டை போட்டவியளுக்கு. புதுசா வந்தவியளுக்குக் குடுத்துப் பாத்தது யானா காலுஸுன்னு ஒரு அம்மா, ஜெர்மன் விக்கிப்பீடியாவுல. 2017ல அச்சான கணக்கு. பதக்கம் வாங்குன புதியவிய அடுத்த மாசமும் தங்குறது 20 சதவீதம் கூடுச்சு. ஆயிரம் ரூபாய்ப் பரிசு செய்யாத வேலையை ‘பாத்தேன் தம்பி, நல்லாருக்கு’ங்கிற ஒரு படம் செஞ்சிருக்கு. கூலியைவிட மதிப்புக்கு மயங்குற பிராணி மனுசன். இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனி வரைக்கும் போகணுமான்னு கேக்காத, போய்க் கண்டுபிடிச்சாத்தான் உனக்குப் பட்டம் தருவாவ.

இன்னும் ஒரு காரணம் இருக்கு. அது உன் நாப்பது கேள்விக்கும் அகப்படாது. 1998 பொங்கலுக்கு சுவிட்சர்லாந்து லோசான்ல இருந்து கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்குனாரு. பல தேசத்துத் தமிழன் பழைய நூலை உக்காந்து தட்டச்சு செஞ்சான். 2005ல ஈழத்து ஆளுக நூலகம் திட்டத்தைத் தொடங்குனாவ. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைப் பாத்த சனம் அது. பறிகுடுத்தவன் எழுதி வைக்கிறதுல காட்டுற அவசரத்தை, ஒண்ணையும் பறிகுடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற நாம காட்டலை. இது என் கணிப்பு, ஒத்துக்கணும்னு இல்லை.

நாம பறிகுடுக்கலையா? தொலையிரம் பார் எங்க இருக்குன்னு உன் வயசுல எவனுக்குத் தெரியும்? எந்தக் காத்து எந்த மாசம், தோணிப் பாய் எப்படி மாத்தணும்? தோணிக்காரன் செத்தா அவனோட போயிட்டு. நான் சொல்லுறேன்னா சான்று எங்கன்னு விக்கிப்பீடியாக்காரன் கேப்பான். கேக்கட்டும், அது நியாயம். கிழவன் வாய்க்குக் கணக்கு உண்டா? ஜேம்ஸ் ஹார்னெல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பத்தி 1922ல எழுதுன அறிக்கை இருக்கு. 1973ல நம்ம ஊர் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல அழகர்சாமி வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டுனாரு, அந்த ஆராய்ச்சி எல்லாம் அச்சுல கிடக்கு. அதை எடுத்து வச்சுக்கோ. அதுல இல்லாததை என்கிட்டக் கேளு, சரிபாத்துக்கலாம்.

இப்ப எந்திரி. கேள்வித்தாளை ஓரமா வை, லேப்டாப்பைத் திற. தொலையிரம் பாரைப் பத்தி நாலு வரி எழுதி, ஹார்னெலைச் சான்றாப் போடு. யார் வந்து திருத்துனாவ, யார் வந்து அதட்டுனாவ, எத்தனை நாள் ஒருத்தரும் வரலை, எல்லாத்தையும் குறிச்சு வை. மூணாவது அத்தியாயம் அங்க இருந்து தொடங்கட்டும். ஓரமா நின்னு ஒட்டுக்கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கிற நீங்களும்தான், சிரிச்சது போதும். இன்னைக்கு ராத்திரி புதுசா ஒருத்தன் எழுதின பக்கம் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, ஒரு பிழையைத் திருத்திட்டு, அவன் பேச்சுப் பக்கத்துல ஒரு வரி எழுதிட்டு அப்புறம் படுங்க.